நாடா

மாதம் பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு.
சீனம் பழகட்டும் என்றுதான் வசுமதி கட்டினாள்.
மைலோ ஒட்டிய விரலால் தாரகை
வேறொரு கொடியைத் தொட்டுவிட,
பூன் லேயில், பதினொன்றாம் மாடியில்,
மூக்குக்கண்ணாடி போட்ட ஆமை ஒன்று
ஸ்பானிஷ் பேச ஆரம்பித்தது.

'ஆமை புகுந்த வீடு' என்று இழுத்துச் சிரித்தார்
எதிர்வீட்டுக் கலியமூர்த்தி.
அதைக் கேட்டமாதிரி ஆமை கண்சிமிட்டி
மேசையைக் காட்டி மேசா என்றது.
சப்பாத்தைக் காட்டி சப்பாத்தோ.
அட, நம்ம வீட்டுச் சாமான்.
பயம் விட்டுப்போயிற்று எனக்கு.

ஒவ்வொரு பாகத்திலும் ஓர் ஆடு தப்புச் செய்யும்.
ஒரே ஒரு தப்பு. பத்து நிமிடத்தில் திருந்திவிடும்.
மாம்பழத்தை ஒளித்துவைத்து, அழுது,
அறுத்து எல்லாருக்கும் கொடுக்கும்.
வரிசையில் முந்திவிட்டு வெட்கப்படும்.
தாரகை மின்தூக்கிக்கு 'கிராசியாஸ்' சொல்கிறாள்,
பதினொரு மாடி இறக்கிவிட்டதற்கு.
நடைபாதையில் கரப்பான் குறுக்கே வந்தால்
என் சட்டையைப் பிடித்து இழுத்து
'குயிதாதோ!'
பார்த்து, பார்த்துன்னு அர்த்தம் அப்பா.

எனக்குத் துவாஸில் வேலை.
கப்பல்மேல் கொள்கலன்களைப் பிணைத்திருக்கும்
இரும்புக் கம்பிகளை அவிழ்ப்பது.
ஒவ்வொன்றும் என்னைவிட நீளம்.
வியாழன் இரவு, மழை விட்ட நேரம்,
பெருவிலிருந்து வந்த கப்பல்.
அங்கே எல்லாருக்கும் ஒரே ஆங்கிலம்தான்,
கால் பங்கு வாய், முக்கால் பங்கு கை.
ஆனால் பிடி நழுவும் கணத்தில்
எவன் நாக்கும் தாய்வீட்டுக்கு ஓடிவிடும்.
மேலேயிருந்து ஒரு குரல்:
குயிதாதோ!

நான் யோசிக்கவில்லை.
யாரோ சட்டையை இழுத்தமாதிரி இருந்தது.
ஒதுங்கினேன்.
நின்ற இடத்தில் விழுந்த கம்பி
ஒரு முறை குதித்து
இடது சப்பாத்தைச் சீவிக்கொண்டு படுத்தது.

பக்கத்தில் நின்ற ரஷிதுல் அசையவே இல்லை.
அவன் வீட்டில் ஆமை கிடையாது.
கம்பி என் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

மயிரிழையில் தப்பினால்
எழுதிக்கொடுக்க ஒரு படிவம் உண்டு.
எழுதினால் வேலை நிற்கும். கேள்வி வரும்.
அன்றைய கூடுதல் நேரம் எல்லாருக்கும் போகும்,
ரஷிதுலுக்கும்.
மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.

விடிந்து வீடு வந்தேன்.
தாரகை திரையிலிருந்து தலை திருப்பாமல்
'இன்னிக்கு வேலையில என்ன ஆச்சு?'

'நாடா' என்றேன்.
ஒன்றுமில்லை என்பதற்கு
அவள் சொல்லிக்கொடுத்த சொல்.

ஒரே குதூகலம் அவளுக்கு.
அம்மா, அப்பா ஸ்பானிஷ் பேசுறாங்க!
துடைத்த கையோடு வந்த வசுமதி
குனிந்து என் காலைப் பார்த்தாள்.
'ஆமா, நாடாதான் அறுந்திருக்கு.
எப்படி அறுந்துச்சு?'

திரையில் ஆடு இன்றைக்கு
ஜாடியை உடைத்திருந்தது.
யார் உடைத்தது என்று கேட்ட ஆமை
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
நேராக எங்களைப் பார்த்தது.
பிள்ளைகள் பதில் சொல்வதற்காக
மூன்று வினாடி அது வாய் திறக்காது.

தாரகை இட்லியை மென்றுகொண்டிருந்தாள்.
ஒன்று.
அறுந்த நாடாவை விரலில் சுற்றினேன்.
இரண்டு.
வசுமதி இன்னும் நிமிரவில்லை.

யாரும் எதுவும் சொல்லாமலே
'சரியாகச் சொன்னாய்' என்று
அந்த மொழியில் பாராட்டிவிட்டு
அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது
ஆமை.