பொய்ச்சுமை

பங்கு பிரித்ததில்
வால்வு ஆம்ப்ளிஃபயர் எனக்கு வந்தது.
ஸ்பீக்கர் இரண்டும் பேட்டையில், அவர் வீட்டில்.
வால்வுகளைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி
குழம்புச் சட்டிக்குள் வைத்து
குட்டியானையில் மடிமேல் ஏந்திவந்தேன்
பெருமாள்புரம் வரைக்கும்.
எட்டு மாசம் கட்டிலடியில் கிடந்தது.

மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கிறவள் நான்.
தெரியாமல் இல்லை:
சுமை இல்லாமல் வால்வுப் பெட்டியைப் போடக் கூடாது.
கம்பி சும்மா தொங்க, உள்ளே பாட்டு ஏறினால்
போக்கிடம் இல்லாத மின்சாரம் திரும்பிவந்து
தன் சுருளையே குத்தும்.
வார்னிஷ் தீயும் வாடை வரும்.
அதற்குப் பிறகு ஒன்றும் வராது.

'சங்கரநயினார், ஒரு ஸ்பீக்கராவது தாரும்'
என்று போனில் தட்டினேன்.
அழித்தேன்.
'தாரும்' என்பதைத் 'தாங்க' ஆக்கி
அதையும் அழித்தேன்.

ஜங்ஷனில் சிந்தா மதார் கடை.
எட்டு ஓம், ஐம்பது வாட், ரெண்டு ரெசிஸ்டர்.
"ஸ்பீக்கர எங்கக்கா?"
"வெளியூர் போயிருக்கு."
அவன் சிரிக்கவில்லை.
காகிதத்தில் பொதிந்து தந்து
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டான்.

ஆனிக் காற்று.
லைன் ஆடி ஆடித் தெருவிளக்கு இமைத்தது.
ஏழு மணிக்கு நூற்றுத் தொண்ணூறு வோல்ட்,
ஊரே மாவாட்டுகிற நேரம்.
பத்தரைக்கு இருநூற்று முப்பதில் வந்து நின்றது.

செங்கலொன்றின் மேல் ரெசிஸ்டர்களை வைத்து
ஸ்பீக்கர் முனைகளில் முறுக்கினேன்.
ஃப்யூஸ் பார்த்தாச்சு.
வால்வு ஒவ்வொன்றும் அதனதன் குழியில்.
சத்தம் சுழியில்.
ரொம்ப நாள் படுத்த பெட்டி என்பதால்
கரண்டுக்கும் அதற்கும் நடுவே
நூறு வாட் குண்டு பல்பு.

சுவிட்ச்.

பல்பு பளீரென்று எரிந்தது.
அடங்காமல் அப்படியே எரிந்தால்
உள்ளே எங்கோ கம்பியும் கம்பியும் கட்டிப்புரள்கின்றன என்று அர்த்தம்.
எண்ணினேன். ஒன்று. ரெண்டு. மூணு.
மங்கியது.
மஞ்சள் போய்ச் சிவந்த இழையாய்ச் சுருங்கியது.
நல்லது. பல்பை எடுத்தேன்.

இனி நேராக.
இழைகள் சூடாக ஒரு முழு நிமிஷம்.
அவசரப்பட்டு ஸ்டாண்ட்பையைத் தட்டுவார் அவர்,
நான் கையைப் பிடிப்பேன்,
அதில் தொடங்கி எங்கெங்கோ போய்விடும் பேச்சு.
இன்று கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.
எட்டு மாசத் தூசி கருகுகிற மணம்.
தட்டினேன்.
மீட்டர் முனையை உள்ளே நீட்டும்போது
இடது கை முதுகுக்குப் பின்னால்.
ரெண்டு கையும் உள்ளே போனால்
மின்சாரம் நெஞ்சு வழியேதான் பாதை போடும்.

எல்லாம் சரி. தகடு எதுவும் சிவக்கவில்லை.
போனைச் செருகி ஒரு நாகசுரத்தை ஓடவிட்டு
சத்தத்தைக் கால்வாசி ஏற்றினேன்.

அறையில் ஒரு ஒலி இல்லை.
காற்று மட்டும் ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
ரெசிஸ்டருக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தேன்.
கதகதவென்று இருந்தது.
தவில் சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம்.

பிறகு காதை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சாய்த்தேன், தொடாமல்.
இரும்புத் தகடுகளின் இடுக்கிலிருந்து
எறும்பு வாசித்தது மாதிரி
அதே நாகசுரம்.
ஸ்பீக்கர் இருந்த பதினோரு வருஷத்தில்
இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

முழுப் பாட்டையும் குனிந்தே கேட்டேன்.
கழுத்து வலித்தது.

சத்தத்தைச் சுழிக்கு இறக்கி, ஸ்டாண்ட்பை, பிறகு மெயின்.
பிளக்கையும் பிடுங்கியாச்சு.
அணைத்தாயிற்றே என்று கை வைக்கக் கூடாது.
கபாசிட்டர் எளிதில் விடாது.
மீட்டரைக் கோத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
நானூற்று இருபது.
முன்னூற்றுப் பத்து.
நூற்று அறுபது.
போன் பக்கத்தில்தான் கிடந்தது.
தொண்ணூறு.
நாற்பத்தொன்று.
நாற்பதில் கொஞ்ச நேரம்
அசையாமல் நின்றது.