பனிக்காலக் கணக்கீடு

மீட்டர் பலகையில் தொங்கிய வெள்ளை அட்டையில்
என் கையெழுத்து
எனக்கு முன்பே இந்த வீட்டில் குடியிருந்தது.

சோமனூரில் பதினோரு வருசமாய்க் கரண்ட் கணக்கெடுப்பவள் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேட்டைத் திறந்து
பன்னிரண்டு அடி நடப்பேன்.
பலகை வரைக்கும்தான் எனக்கு வீடு.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி.
நாச்சிமுத்து கத்திக் கத்திப் பேசுவார்;
எனக்கு உதடு மட்டும் தெரியும்.

நாலாயிரத்து இருநூறு யூனிட் எழுதியிருக்கிறேன்.
பிறகொரு சித்திரையில் இரண்டாயிரம்.
பிறகு எண்ணூற்றுச் சொச்சம்.
பிறகு நாற்பது: ஒரு பல்பும் ஒரு மனுசனும்.
அதற்கப்புறம் மூன்று முறை
பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று
அதே எண்ணை எழுதிவிட்டுப் போனேன்.

கார்த்திகையில் கிரயம் முடிந்தது.
பத்திரச் செலவு போக மிச்சம்
கொத்தனாருக்கு ஒன்பது நாள் கூலி.
"நாமளே பண்ணிக்கலாமுங்" என்றேன்.
ரங்கராசு செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக்
கரண்டி பிடிக்கப் பழகினார்.

மார்கழி வந்தது.
நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும்.
ரோடு தெரியாது, பஸ் ஹாரன் மட்டும்
பனிக்குள்ளிருந்து வரும்.
திங்கட்கிழமை பூசிய பட்டி
வியாழக்கிழமையும் காயாமல்
வைத்த விரலை வாங்கிக்கொண்டது.
"பனி வுழுகறப்பச் சுவத்தத் தொடாதீங்க,
தை பொறக்கட்டும்" என்றார் பெயின்ட் கடைக்காரர்.
வாடகை வீட்டுக்காரம்மா
தை வரைக்கும் பொறுப்பதாயில்லை.

தறிக்கூடத்து ஓட்டுக்கு அடியில்
ரங்கராசு ஏணி போட்டு ஏறி
ஒட்டடைக் குச்சியால் ஒரே ஒரு குத்து குத்தினார்.
முப்பது வருசப் பஞ்சு இறங்கியது.
சட்டத்திலும் ஓட்டிடுக்கிலும் அடைந்து கிடந்த நூல்தூசு
கீழே வர அவசரமே படவில்லை.
ஏணி, பக்கெட், என் டிபன் பாக்ஸ்,
எல்லாம் வெள்ளை.
புருவம் வெளுத்து மேலே நின்றவர் தும்மினார்.
இன்னொரு தவணை இறங்கியது.
"கல்யாணத்தப்பக் குலு மணாலி கூட்டிட்டுப் போறேன்னீங்களே?"
"அதான் வந்தாச்சில்ல" என்றார்,
இருமிக்கொண்டே.

கீழேதான் வம்பு.
தரை எண்ணெய் குடித்திருந்தது.
எட்டுக் கறுப்புச் சதுரம்,
ஒவ்வொன்றின் மூலையிலும் அறுத்தாலும் வராத போல்ட்டு.
கலவை போட்டால் மறுநாள்
அப்பளமாய் எழும்பி வந்தது.
சோடாத்தூள், மரத்தூள், கொதிதண்ணி, இரும்பு பிரஷ்.
முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

திருப்பூரில் மகன் வீட்டிலிருந்த நாச்சிமுத்துவுக்குப் போன் அடித்தேன்.
"எண்ணெய் போக என்னங்க போடோணும்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கத்தியே பேசிப் பழகியவர்
மெதுவாய்ச் சொன்னார்:
"அது போகாது கண்ணு.
ஏழாந் தறிக்கடியில மட்டும் அவ்வளவா இருக்காது.
அது பாதி நாள் ஓடவே இல்லை."

தெற்கிலிருந்து எண்ணிப் பார்த்தோம்.
ஏழாவது சதுரம் வெளிறித்தான் கிடந்தது.
அங்கே கலவை பிடித்தது.
அங்கேதான் இப்போது அடுப்பு.
மற்ற ஏழின் மேலும்
கட்டில், பீரோ, அரிசி டிரம், மகளின் மேசை என்று
கிடைத்ததை இழுத்துப் போட்டிருக்கிறோம்.
படிக்கும்போது அவள் கால் பெருவிரல்
ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறது.

தை கடைசியில் கணக்கெடுக்க வந்தவள்
வேலைக்குப் புதுசு, மல்லிகேஸ்வரி.
"அக்கா, இது உங்க வீடா?"
பன்னிரண்டு அடி நடந்தாள்.
அறுபத்தொன்று.
நூறுக்குள்தான், கட்ட ஒன்றுமில்லை.
என் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து,
என்னுடையதைவிடச் சின்னதாய்.

"உள்ள வந்துட்டுப் போ சாமி" என்றேன்.
"இன்னும் நாப்பது வீடு இருக்குங்கக்கா."
கேட்டுச் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.
பிறகு போய்
வடக்குச் சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் ஈரம்.