முப்பத்தொன்பது

செய்முறை ஏட்டில் எச்சில் என்று இல்லை,
உமிழ்நீர் என்றிருந்தது.
குழுவுக்குப் பத்து மில்லி.
யாருடையது என்று போடவில்லை.

காட்பாடியில் ஏப்ரல்.
ஆய்வகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
ஓடாத மின்விசிறியின் கிண்ணத்தில்
குருவி சேர்த்த வைக்கோல்.
"யாராவது வாய் கொப்பளிச்சிட்டுத் துப்புங்கம்மா"
என்றார் குலோத்துங்கன் சார்.
பதினோரு பேரும் மேசையைப் பார்த்தோம்.
சொந்த பாட்டிலையே
அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறவர்கள் நாங்கள்.

தபித்தாள் எழுந்தாள்.
ஜன்னல் பக்கம் திரும்பி நின்று
புனலில் துப்பினாள்.
பஞ்சு வழியாக மெதுவாகத்தான் இறங்கியது.
"புளியங்காயை நெனச்சுக்கோடி" என்று யாரோ சொல்ல
வகுப்புக்கே வாய் ஊறியது.

கஞ்சி எங்கள் வீட்டுடையது.
காலையில் வடித்தது.
அது புளித்துவிடுமோ என்று மூன்று தடவை கவலைப்பட்ட அம்மா
எதற்கென்று மட்டும் கேட்கவில்லை.

நான்கு குழாய்.
ஒன்று ஐஸில்.
முனிரத்தினம் அண்ணன் சித்தூர் ரோட்டு ஜூஸ் கடையில்
கடன் சொல்லி வாங்கி வந்தது,
வரும் வழியிலேயே பாதி தண்ணீர்.
ஒன்று முப்பத்தேழில்,
வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றி
உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தோம்.
ஒன்று கொதிக்கும் பீக்கரில்.
இன்னொன்று சும்மா, தாங்கியில்.

அறை வெப்பநிலை: இருபத்தைந்து
என்று ஏட்டில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது.
வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது.
காய்ச்சல் பார்ப்பதுபோல் உதறிவிட்டுப் பார்த்தோம்.
முப்பத்தொன்பதுதான்.
இருபத்தைந்து எந்த ஊர் அறையோ.

அயோடின் சொட்டினோம்.
முப்பத்தேழில் நீலம் இல்லை, டீத்தண்ணி நிறம்.
சும்மா நின்றதும் அப்படியே,
ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.
ஐஸில் கருநீலம்.
கொதித்ததில் நீலம் இல்லை.
இல்லை என்றே எழுதினேன், பேனாவில்.
கொதியிலும் வேலை பார்க்கும் எச்சில்!
தபித்தாள் கொஞ்சம் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது.

அப்போது ஒரு கூட்ஸ் வண்டி.
ஐம்பது பெட்டிக்கு மேல் இருக்கும்,
அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கி ஓய்வதற்குள்
கொதித்த குழாய் ஆறிவிட்டது.
அதற்குள்ளே நீலம்
எங்கேயோ போய்விட்டு வந்ததுபோல் வந்து நின்றது.

"சூட்டுல நெறம் ஒளிஞ்சுக்கும்.
ஆறவிட்டுத்தான் பார்க்கணும்."
சார் என் வரியை அடித்தார்.
வெந்த நொதி வெந்ததுதான், ஆறினாலும் திரும்பாது
என்று அவரே எழுதி
கையெழுத்தும் போட்டார்.

கழுவுவது என் முறை.
ஐஸ் குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்,
குளிர்ச்சிக்காகத்தான்.
பக்கத்தில் தபித்தாள் பீக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"அதைக் கொட்டலையா?"
"இரு."

விரல் விலக்கிப் பார்த்தேன். கருநீலம்.
கொஞ்சம் கழித்து ஊதா.
அப்புறம் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒன்று,
அப்புறம் செங்கல்.
எங்கள் வீட்டுக் கஞ்சியை
அவள் எச்சில் என் கைச்சூட்டில்
ருசி பார்த்துக்கொண்டிருந்தது.
அவளும் எட்டிப் பார்த்தாள்,
சோப்புக் கை, ஒன்றும் சொல்லவில்லை.
இதை எழுத ஏட்டில் கட்டம் இல்லை.

முனிரத்தினம் அண்ணன் வந்து
தாங்கியைத் தூக்கிக் குழாய்களை எண்ணினார்.
"ஒண்ணு கொறையுதே" என்றார்.