அறுபத்தொன்று

கச்சேரி வாசலில் மேசையைப் போட்டது நான்தான்.
வெள்ளைத் துணி. உட்துறைமுகக் காற்று
தூக்கத் தூக்க
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தேன்.
நடுவில் அவர் படம்,
முப்பது வருடத்துக்கு முந்திய சிரிப்பு.
பக்கத்தில் இருநூறு பக்கக் கொப்பி,
கயிற்றில் கட்டிய பேனை.
செத்துப்போன ஜனாதிபதிக்கு
ஊர் அனுதாபம் எழுத.

முதலில் மீராலெவ்வை வந்தார், அக்கரையிலிருந்து.
"பாலத்தால வந்தன்" என்றார். வேறெதுவும் சொல்லமுதல் அதை.
பாதைக்குக் காத்துநின்ற ஒரு மாரி இரவில்
துறையடியிலேயே மனைவிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது.
அந்தப் பிள்ளை இல்லை.
அதற்குப் பிறகு வந்தது பாலம்.
பிறகு பிறந்த மூன்றும் ஆஸ்பத்திரியில்.
ஒரு பக்கம் முழுக்க எழுதினார்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பாலத்தின் மறுமுனையில் காவலரண் இருந்ததை
அவரும் எழுதவில்லை,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தெருவுக்கு எதிர்ப்புறம் மான் ஒன்று
மதிலில் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
இந்த ஊர் மான்களுக்குக் கட்சி கிடையாது.
பசைதான் ருசி.

எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு.
மக்கெய்சர் மைதானத்துக்கு அவர் வந்தபோதெல்லாம்
விடிய நாலு மணிக்கு பஸ்.
எங்கள் கந்தோரின் வரவுப் புத்தகம் என் கையில்.
வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மை.
அந்த மையால் குலசிங்கம் மன்னாருக்கு மாற்றலாகிப் போனான்.
அதே மைதானத்தில்,
மண்ணெண்ணெய் விலையைப் பாதியாக்கி
"இனி உங்கள் குப்பி அணையாது" என்று அவர் சொன்னபோது
கை தட்டியதும் நான்தான்.
யாரும் கணக்கெடுக்காத கைதட்டு அது.
அழுதும் இருக்கிறேன்.

"என்னைக் கேளுங்கள், என்னிடமே கேளுங்கள்" என்பார்.
கேட்டுப் பழகினார்கள் சனங்கள்.
விளக்குக் கேட்டார்கள், வள்ளத்துக்கு இயந்திரம் கேட்டார்கள்.
பிறகு, கொண்டுபோன பிள்ளைகளைக் கேட்டார்கள்.
அன்றோடு கூட்டத்துக்கு வேலி போட்டார்கள்.
இரண்டு தடவைதான் என்றிருந்த சட்டத்தில்
இரண்டை வெட்டினார்கள்.
மூன்றாம் தடவை அவர் தோற்ற இரவு
மேசையில் இருந்து எண்ணினேன்.
துரத்தினோமா, தானாகப் போனாரா
என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பதினொரு மணிபோல ஒரு அம்மா.
முன்னே எழுதியவர்கள் எல்லாரையும் வாசித்தாள்,
பிழை திருத்தும் ரீச்சர் மாதிரி.
பெயர் என்ற இடத்தில்
மகனின் பெயரை எழுதினாள்.
முகவரி என்ற இடத்தில்
"உங்களுக்குத்தான் தெரியும்."
பேனையை மூடி வைத்துவிட்டு
தண்ணி இருக்கா பிள்ளை என்றாள்.
என் போத்தலைக் கொடுத்தேன்.

மத்தியான வெய்யிலில்
பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்த பெடியன் ஒருவன்
படத்தைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான்.
"அக்கா, கட்டாயமா?"

இருபத்தாறு வருடச் சேவையில்
இந்தக் கேள்விக்கு என் வாய் பழகிய பதில் ஒன்றுதான்.
சுற்றிப் பார்த்தேன். படம் சிரித்தது.
"இல்லைத் தம்பி" என்றேன்.
"சரி" என்று போனான்.
அவ்வளவுதான்.
வானம் இடியவில்லை.
மான் அடுத்த சுவரொட்டிக்கு நகர்ந்தது.

நாலரைக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி.
"எத்தனை?"
"அறுபத்தொன்று சேர்."
"குறைவா இருக்கே. கொஞ்சம் கூட்டிப் போடலாமே."
"அறுபத்தொன்று சேர்."

வைத்தபிறகு திரும்ப எண்ணினேன்,
விரலில் எச்சில் தொட்டு, வாக்குச்சீட்டு எண்ணுகிற மாதிரி.
அறுபதுபேர் வந்தார்கள்.
ஒருவன் வரவில்லை.
அவனையும் சேர்த்துத்தான் சொன்னேன்.