மூச்சை அடக்குங்கள்

புரட்டாசி பிறந்த அன்று
கறிச்சட்டிகளைத் தேய்த்து மேல்தட்டில் கவிழ்த்தோம்.
காலியான அந்த இடத்தில்
கிருபேஷன் இன்குபேட்டரைக் கொண்டுவந்து வைத்தான்.
இருபத்திநான்கு முட்டை.
"யோசிச்சுத்தான் செய்யறியா?" என்றேன்.
"இந்த ஒரு மாசம்
யாரும் அதுங்களைக் கறியாப் பார்க்க மாட்டோம்ல."

டோங்காட்டில் புரட்டாசி என்றால் வசந்தம்.
கரும்புக்காட்டை எரித்த கரித்தூள்
கொடியில் காயும் வெள்ளைச்சட்டைமேல் இறங்கும்.
வடக்கே போன மஞ்சள்மூக்குப் பருந்துகள் திரும்பிவந்து
எங்கள் அரை ஏக்கரை
ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பதினான்கு வருஷமாய் அடுத்தவர் எலும்பில் சம்பளம்.
ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்து
கைப்பேசி வெளிச்சத்தை ஓட்டில் அழுத்தினேன்.
சிவப்பு நரம்புகள்.
நடுவே மிளகளவு ஒன்று துடித்தது.
கெரிஷா எட்டிப் பார்த்து
"ஏதாச்சும் உடைஞ்சிருக்காம்மா?"
"இனிமேதான் உடையணும்."

ஐந்தில் வெறும் வெளிச்சம்.
அவற்றை லிச்சி மரத்தடியில் புதைத்தோம்.

இருபதாம் நாள் ஓட்டுக்குள் சத்தம்,
குளியலறையில் மாட்டிக்கொண்டவர் தட்டுவதுபோல,
பொறுமையாக, விட்டுவிட்டு.
மறுநாள் இருட்டுவதற்குள் பதினேழு.
ஈரத்தில் எல்லாமே அசிங்கம்.
நாங்கள் மூவருமே அதைச் சொல்லவில்லை.
உலர்ந்தபிறகு
மஞ்சள்பொடி டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
அட்டவணையில் இருந்ததுதான்.
குஞ்சுகளுக்கு அட்டவணை தெரியாது.
சிவப்பு விளக்கு அணைந்ததும்
பெட்டி மொத்தமும் கத்தியது.
கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து
ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி
கிருபேஷனின் கால்பந்துக் காலுறைகளை
ஒவ்வொன்றுக்கும் மாட்டிவிட்டோம்.
ஒட்டிக்கொண்டு தூங்கிப்போயின.

ஒன்று மட்டும் ஓரத்தில் கிடந்தது.
கையில் எடுத்தால் எடையே இல்லை, கால் மட்டும் சில்லென்று.
நைட்டிக்குள் போட்டுக்கொண்டு
விடியும்வரை நாற்காலியில் இருந்தேன்.
ஆறரைக்கு டியூட்டி.
இறக்கிவிட மனசு வரவில்லை.

சீருடையின் மேல்பையில் அதுவும் வந்தது.
விதிப்புத்தகத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கும்.
நான் தேடவில்லை.

முதல் ஆள் ம்கீசே, கரும்பு லாரி ஓட்டுபவர்.
ஏணியிலிருந்து சறுக்கி விலாவில் அடி.
பலகையில் மார்பை ஒட்டி நிறுத்திவிட்டு
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய்
ஒலிவாங்கியில் சொன்னேன்:
மூச்சை இழுங்கள்.
அடக்குங்கள்.
அந்த அமைதியில்
ஒலிபெருக்கி முழுக்க
கீச்.

"இன்குகு?" என்றார் திரும்பாமலே.
பிறகு சிரித்தார்.
விலா போனவர் சிரிக்கக் கூடாது.
வலியில் முனகி, பலகையைப் பிடித்துக்கொண்டு
மறுபடியும் சிரித்தார்.
படம் கலங்கிப்போச்சு.
இன்னொன்று எடுத்தோம்.
ஆறாவது விலாவில் மயிரிழை விரிசல்.
போகும்போது என் பைக்குள் ஒற்றை விரலை விட்டு
"சோளத்தை நல்லா பொடிச்சுப் போடு,
தொண்டையில சிக்கும்" என்றார்,
எனக்கு இருந்த அரைகுறை ஸூலுவில் அது புரிந்தது.

ஐப்பசிக்கு இன்னும் நான்கு நாள்.
நேற்று கிருபேஷன் முக்காலி போட்டு ஏறி
மேல்தட்டுச் சட்டி ஒன்றை எடுத்தான்.
உள்ளே பார்த்தான். துடைத்தான்.
மறுபடி கவிழ்த்து வைத்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

மதிய வெயிலுக்கு வலைக்கூண்டை
புல்லில் இறக்கியிருக்கிறோம்.
கெரிஷா விரல்விட்டு எண்ணுகிறாள்.
பதினாறு, பதினேழு.
மேலே ஒரு நிழல் வட்டம் போடுகிறது,
அதுவும் எண்ணுகிறது.