பதினெட்டு கிராம் இரும்பு

ப்ர்னோ நீதிமன்றத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு
எழுத்தாக்குவது என் வேலை.
பொய் சொல்லுமுன் சாட்சிகள்
எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்கும்.
அதைத் தட்டச்சு செய்யக் கூடாது.
விதி.

நவம்பரில் என் ஹெட்போனின்
இடது காது செத்தது.
கடையில் புதிது ஒன்பதாயிரம் க்ரவுன்.
லுபோர் என்ற பெயரில் ஒருவர்
இணையத்தில் நாலாயிரத்துக்கு விற்றார்.
பரிசாக வந்ததாம். உறையே பிரிக்கவில்லையாம்.
மனைவிக்கு வேறு நிறம் வேண்டுமாம்.

ட்ராம் நிறுத்தத்தில் சந்திக்கலாமா என்றேன்.
முதுகு வலி என்றார்.
வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன்.
உடனே அனுப்பினார்.
கடைசி இரண்டு இலக்கத்தின் மேல்
ஒரு கட்டைவிரல், சுத்தமான நகத்தோடு.
தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் வீண்,
நேரே கணக்கில் போடுங்கள்,
இருநூறு குறைக்கிறேன் என்றார்.

திரையில் வரும் எழுத்து
எச்சில் விழுங்குவதில்லை.
போட்டேன்.

மருந்துக்கடை ஓரத்துப் பார்சல் பெட்டி
ஆறாம் நாள் திறந்தது.
பளபளத்த தாள், சிறு கையேடு,
தைத்த பை, பசை வாடை.
வேலி வழக்கொன்றை ஓட்டிப் பார்த்தேன்.
பழையதில் நீதிபதி தாள் புரட்டுவது கேட்கும்,
ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைச் சாத்துவது கேட்கும்.
இதில் எல்லோரும்
கம்பளிக்குள் இருந்து பேசினார்கள்.

சமையலறைத் தராசில் வைத்தேன்.
கையேட்டில் இருநூற்றைம்பது கிராம்.
தராசிலும் இருநூற்றைம்பது.
அப்படியானால் கோளாறு என் காதில்தானோ
என்று இரண்டு நாள் நம்பினேன்.

கீழ்வீட்டு ராடோவான் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
மெல்லிய திருப்புளியோடு வந்தார்.
காப்பி ஆறுவதற்குள் திறந்துவிட்டார்.
இடது காதில் ஒன்பது கிராம் இரும்பு.
வலது காதில் ஒன்பது.
எந்தக் கம்பியோடும் சேராமல்
சும்மா ஒட்டியிருந்தது.
ஊரில் ஏமாறுகிறவர் காதில் பூ சுற்றுவார்கள்.
எனக்கு இரும்பு.

கனம் குறைந்தால் சந்தேகம் வரும் என்று
எங்கோ ஒருவர் யோசித்திருக்கிறார்.
அவரை வெறுக்கப் பார்த்தேன்.
பசை ஒரு சொட்டுகூட வழியவில்லை.
நல்ல கை.

வங்கி சொன்னது: நீங்களாக அனுப்பியது.
காவல் நிலையத்தில் இளைஞர் கேட்டார்:
போலி என்று எப்படித் தெரியும்?
எடை மிகச் சரியாக இருக்கிறது என்றேன்.
எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
லுபோரின் பக்கம் காணாமல் போயிருந்தது,
அவர் முதுகு வலியும் அதோடு.

விளம்பரம் போட்டேன்:
'போலி. உள்ளே இரும்பு. உதிரிபாகத்துக்கு. ஐம்பது க்ரவுன்.'
பத்து நிமிடத்தில் ஒருவர்:
பெட்டி கிழியாமல் இருக்கிறதா? ஐந்நூறு தருகிறேன்.
இன்னொருவர்:
ஹெட்போன் வேண்டாம், பெட்டி மட்டும். எண்ணூறு.
மூன்றாமவர் ஹைனெக், மிக மரியாதையானவர்:
அன்புள்ள அம்மையாருக்கு,
விளம்பரத்திலிருந்து முதல் சொல்லை எடுத்துவிட்டால்
மூவாயிரத்துக்கு ஆள் இருக்கிறது.
பாதிப் பாதி.

ஆயிரத்து ஐந்நூறு.
மூவாயிரத்து எண்ணூறில் கழித்தேன்.
டிசம்பர் மின்கட்டணத்தை நினைத்தேன்.
என்னிடம் யார் விசாரித்தார்கள்,
நான் யாரிடம் சொல்ல வேண்டும்,
பெட்டியில் எழுதியதைத்தானே
நானும் எழுதப் போகிறேன் —

அப்போது அறையில் கேட்டது,
யாரோ எச்சில் விழுங்கியது.
ஹெட்போன் இல்லாமலே
தெளிவாக.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
பெட்டியின் மூடி, பெயர், வரிசை எண்,
தங்க நிற முத்திரை.
கத்தரி மொட்டை.
அட்டையோ உயர்தரம்.
வெகுநேரம் பிடித்தது.