தப்பினால் ஒன்றிலிருந்து

முசஃபாவில், டயர் கடைக்கு மேல்மாடியில்
என் அண்ணன் ஞானதுரையின் ஆபீஸ்.
மேசையின் மூன்றாவது இழுப்பறை பூட்டியே இருக்கும்.
உள்ளே அறுபத்திரண்டு பாஸ்போர்ட்.
சாவி அவன் சட்டைப்பையில்.
மாற்றுச்சாவி என்னிடம்;
கணக்கு எழுதுகிறவன் நான்.

அண்ணன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.
தங்கமான மனுஷன் என்பார்கள் கேம்ப்பில்,
வந்து ஒரு மாதம் ஆகாதவர்கள்.
எல்லார் பிள்ளைகளின் பெயரும் தெரியும் அவனுக்கு,
எந்த வகுப்பு, போன வாரம் என்ன காய்ச்சல் என்பது வரை.
அதை எப்போது எடுத்துப் பேசவேண்டும் என்பதும்.

போன ஆகஸ்டில் சாரம் சரிந்து
ஒருவன் விழுந்தபோது
இருவரும் கீழேதான் நின்றோம்.
நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.
பதினொன்று நாற்பது. அரை நாள்னு போடு, என்றான்.
பிறகு எனக்குத் தண்ணீர் வாங்கிவந்தான்,
குளிர்ந்தது வேண்டாம், தொண்டை கட்டும் என்று.

எங்கள் அப்பா பஸ் கண்டக்டர்.
நாசரேத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே
ஒருத்தருக்கும் சில்லறை பாக்கி வைக்காதவர்.
வீட்டுக்கு வந்ததும் தோல்பையின் வாரைக் கழற்றுவார்.
அடியை எண்ணவேண்டும், சத்தமாக.
தப்பினால் ஒன்றிலிருந்து.
அழுதால் ஒன்றிலிருந்து.

அண்ணனுக்கு எட்டு வயது. எனக்கு ஐந்து.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நான் நிற்பேன்.
சின்னவன் எங்கலே, என்பார் அப்பா.
அண்ணன் சொல்லமாட்டான்.
எண்ணிக்கொண்டிருப்பான்.

முதல் வருஷம் எண்கள் உடைந்து உடைந்து வந்தன.
பதினேழைச் சொல்ல மூன்று மூச்சு ஆகும்.
அடுத்த வருஷம் தெளிவு.
அதற்கடுத்த வருஷம்
பக்கத்து வீட்டு ரேடியோவில்
யாரோ வானிலை வாசிப்பதுபோல் இருந்தது.
அப்பாவே ஒருநாள் பயந்து
பாதியில் நிறுத்திவிட்டார்.
இருபத்தாறு, என்றான் அண்ணன்.
இன்னும் நாலு இருக்கு.

படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.
எனக்கு அந்த வார் தெரியும்,
அதில் ஒட்டியிருந்த காசு வாடை தெரியும்.
ஆனால் வார்தான் காரணம் என்று
எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை.
கேம்ப் சமையற்காரர் தங்கையா முதுகில்
சிற்றப்பன் வைத்த சூடு ஏழு இடத்தில் இருக்கிறது.
அவர் எறும்பு மிதிபடாமல் அடுப்பங்கரையில் நடப்பவர்.

செவ்வாய்க்கிழமை வைத்திலிங்கம் வந்தான்.
ஆண்டிமடத்தில் அவன் அம்மா செத்துப்போயிருந்தாள்.
அண்ணன் டீ வரவழைத்தான்.
தோளில் கைபோட்டு
அம்மாவின் பெயரைச் சொல்லித் துக்கம் கேட்டான்.
நீ போய்ச் சேருறதுக்குள்ள எடுத்துருவாங்கப்பா,
ஷட்டரிங் முடியட்டும், கருமாதிக்குப் பாப்போம்.
வைத்திலிங்கம் கும்பிட்டான்.
நன்றி சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினான்.
இரண்டு கண்ணாடி டம்ளரையும் நான் கழுவினேன்.
அவனுடையது தளும்பத் தளும்ப இருந்தது.

அன்று இரவு மாற்றுச்சாவியை எடுத்தேன்.

காலையில் அண்ணன் இழுப்பறையைத் திறந்து எண்ணினான்.
அறுபத்தொன்று.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.
முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன்,
இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
டிக்கெட் எவ்வளவு, என்றான்.
தொள்ளாயிரத்து நாற்பது.
உன் கணக்குல எழுதிக்கோ.

என் பக்கம் கிடந்த பேனாவுக்காகக் கையை நீட்டினான்.
என் முழங்கை தானாக மேலெழுந்து
முகத்தை மறைத்தது.

அவன் நிறுத்திப் பார்த்தான்.
மனசாரவே புரியவில்லை அவனுக்கு.
அந்நிய நாட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல்
என் முழங்கையைப் பார்த்தான்.
ஒன்ன நான் எப்பமாவது அடிச்சிருக்கனாலே?

இல்லை.
கீழே எவனோ டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான்.
இல்லண்ணே, என்றேன்.
யாருமே அடித்ததில்லை என்னை.